தெற்கு ஜன்னல்

மொண்டேவிடியோவில் ஜூலை மாதம்
ஈரம் காயாத ஒரு துண்டு.
ஆற்றுக் காற்று
துறைமுகச் சுங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு
அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏறி வரும்.
அங்கே கோப்புகள் சாம்பல், கம்பளிகள் சாம்பல்,
ஆளுக்கொரு குழலில் நாளெல்லாம் உறிஞ்சும் மாத்தே மட்டும்
பேருக்குப் பச்சை.

அங்கேதான் போனேன்,
மார்பில் ஏழு எலுமிச்சைகளோடு.
முதுகில் எத்தனை என்று
நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நெலிடா தலை தூக்கினாள்.
முத்திரை குத்தும் கையை நிறுத்தாமலே கேட்டாள்:
"வில்மார், இது யார் வீட்டு ஜன்னல்?
கழற்றி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்?"

ஹெபெர் சிரித்தான்.
தக்காளிக் கூழ்ப் பெட்டிகளுக்காக வரிசையில் நின்ற
லாரிக்காரரும் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
சிரிப்பு நல்ல மேலங்கி,
எதையும் மூடும்,
பொத்தான்தான் இருக்காது.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
ஆடைப் பாதி நாற்காலியில் அமர்ந்து
தீர்வைக் கணக்குப் பார்த்தது.
ஆள் பாதி
கழிப்பறைக் கண்ணாடி முன்னால்
பதினோரு நிமிடம் நின்றது.

இரவில் பதில்கள் வந்தன.
பதில்களுக்கு எப்போதும் கடைசிப் பேருந்துதான் கிடைக்கும்.
"உன் கம்பளிச் சட்டையின் மூன்றாம் பொத்தான்
போன குளிர்காலமே போயாயிற்று.
பேப்பர் கிளிப் மாட்டிக்கொண்டு வருகிறாய்,
நான் கேட்டேனா?"
நன்றாக இருந்தது.
எழுந்து உட்கார்ந்து
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.
இரண்டாம் முறை அந்தக் கிளிப்
என்னையே கிள்ளியது.
ஒரு வருடமாய் நானும்தான் பார்த்திருக்கிறேன்,
மூன்றாம் பொத்தான் இல்லாத இடத்தை.
வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

தவிர, அவள் சொன்னது சரி.
அது ஜன்னல்தான்.

ஏப்ரலில் குடி வந்ததும்
ஞாயிற்றுக்கிழமைத் தெருச்சந்தையில் வாங்கிய துணி.
கண்ணாலேயே அளந்து வாங்கினேன்,
இரண்டு சாண் குறைந்தது.
திருப்பித் தரப் போனால்
விற்றவன் இருந்த இடத்தில்
ஒருவன் பழைய சாவிகள் விற்கிறான்.
கீழ்வீட்டுத் தையற்காரி துணியை விரித்து,
என்னை விரித்து,
"ஜன்னலைவிட நீ ஒல்லி" என்றாள்.

ஆக, இப்போது
என் ஜன்னல் அம்மணமாய் நிற்கிறது,
நான் உடுத்தியிருக்கிறேன்.
நான் முட்டை பொரிப்பதை
எதிர்மாடிக் குடும்பம்
மேசை போட்டுப் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை
அதே எலுமிச்சைகளோடு போனேன்.
வீரம் என்று நினைத்துவிட வேண்டாம்,
மற்ற சட்டைகள் காயவில்லை.

லிப்டில் நாங்கள் இருவர் மட்டும்.
தொண்டையைச் செருமினேன்.
"நெலிடா, அது ஜன்னல்தான்."
"எது?"

மறந்திருந்தாள்.
நான்கு இரவு என் தலையணையைச் சுட்ட சொல்
அவளிடத்தில்
முத்திரை மை போல
அன்றே உலர்ந்துபோயிருந்தது.

விளக்கினேன்.
சந்தை, இரண்டு சாண், முட்டை எல்லாம்.
விளக்க விளக்க
லிப்ட் மெதுவாய்ப் போவதாய்த் தோன்றியது.
அவள் சிரிக்கவில்லை.
காலரை விரலால் தொட்டுத் துணியைக் கசக்கிப் பார்த்தாள்.
"எந்தத் திசை ஜன்னல்?"
"தெற்கு."
"தெற்குக்கு இது தாங்காது, காற்று கொல்லும்.
கனமாய்ப் போட வேண்டும்."
கொஞ்சம் யோசித்தாள்.
"உனக்கும் பொருந்தவில்லை."
"தெரியும்" என்றேன்.
சொன்ன பிறகுதான் கவனித்தேன்,
அந்த வார்த்தை எங்கேயும் இடிக்காமல் வெளியே வந்திருந்தது.

கதவு திறந்தது.
நான் முன்னால் நடந்தேன்.
மூன்றாம் மாடியின் சாம்பலுக்குள்
நாலடி போயிருப்பேன்,
பின்னாலிருந்து நெலிடா:

"முதுகில் ஒரு துண்டு
தலைகீழாய்த் தைத்திருக்கிறது.
தெரியுமா?"

தெரியாது.